தாது வருஷமும் துணைக்கோளும்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். "உங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தது, ஏன் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்" என்றோம். பத்தொன்பது பேர் எழுதி வந்தார்கள். எப்போது என்ற கேள்விக்குப் பலவிதமான பதில். தாத்தாவின் அப்பா காலம் என்றார்கள் சிலர். கங்காணி காலம் என்றார்கள் வேறு சிலர். ஒரு பையன் "கப்பல் காலம்" என்று எழுதியிருந்தான். ஏன் என்ற கேள்விக்கு மட்டும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: "பஞ்சம் பிழைக்க வந்தோம்."

இந்தச் சொல்லை நாமும் பாட்டிமார் வாயால் கேட்டிருக்கிறோம், மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். ஆனால் எந்தப் பஞ்சம், அது எப்படி வந்தது, அது வரப்போவது யாருக்காவது முன்கூட்டித் தெரிந்ததா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. இன்றைய உரையில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். எங்கோ ஒரு வயலில் பயிர் வாடுகிறது என்பதை ஓர் அரசாங்கம் எப்படித் தெரிந்துகொள்கிறது? கிராமத்துக் கர்ணத்தின் கணக்குப் புத்தகத்தில் தொடங்கி, ஆகாயத்தில் சுற்றும் துணைக்கோள் வரை வந்து நிற்கும் கதை இது.

தமிழ் வருஷக் கணக்கின்படி 1876-ஆம் ஆண்டு சித்திரையில் தாது வருஷம் பிறந்தது. அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் கோடை கழிந்து பெய்ய வேண்டிய மழை குறைந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு அந்த மழைதான் உயிர். ஏரி நிரம்புவதும் கிணறு ஊறுவதும் சம்பா நெல் கதிர் பிடிப்பதும் அதனால்தான். மறுவருஷம் 1877-இலும் மழை நெடுநாள் ஏய்த்தது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் சேர்த்து ஏறத்தாழ 55 இலட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அதற்கும் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. இதைத்தான் நம் முன்னோர்கள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். ஊர்ப் பெண்கள் கும்மிப்பாட்டில் வைத்துப் பாடும் அளவுக்கு அது மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

அப்போது பலர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் மறுகரையிலிருந்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். அப்போது இங்கே ரப்பர் தோட்டமே கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பஞ்சம் உச்சத்தில் இருந்த அதே 1877-ஆம் ஆண்டில்தான் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. அங்கே நம் வயல் காய்ந்துகொண்டிருந்தபோது, இங்கே நம் பிழைப்பு நாற்றாக வந்து சேர்ந்திருக்கிறது. எப்போது நினைத்தாலும் இது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

சரி, அரசாங்கத்துக்குப் பஞ்சம் வருவது தெரியாதா? தெரிவதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கர்ணம் இருந்தார். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். எந்தப் புலத்தில் என்ன பயிர், யாருடைய நிலம், நீர் எங்கிருந்து பாய்கிறது என்பதையெல்லாம் அவர் ஒரு கணக்கில் எழுதினார். அதற்கு அடங்கல் என்று பெயர். அது தாசில்தாருக்குப் போகும், தாசில்தாரிடமிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து சென்னையிலுள்ள ரெவின்யூ போர்டுக்கு.

விளைச்சல் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்தே மதித்தார்கள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா அல்லவா? பிரிட்டிஷ் ஆட்சியின் பல பகுதிகளில் முழு விளைச்சலைப் பதினாறு அணா என்று வைத்துக்கொண்டு, இந்த வருஷம் எட்டணா, இந்த வருஷம் நாலணா என்று எழுதினார்கள். "பதினாறணா உண்மை" என்று நாம் இன்றும் பேசுகிறோம். அந்த அளவைதான் இது.

இந்தக் கணக்கில் இரண்டு குறை. முதலாவது, அது வரிக்காகப் போட்ட கணக்கு. நாலணா என்று எழுதினால் வரித் தள்ளுபடி கேட்பார்கள். எட்டணா என்று எழுதினால் வரி வசூலாகும். குடியானவன் ஒரு பக்கம் இழுக்க, மேலதிகாரி மறுபக்கம் இழுக்க, நடுவில் நின்று எழுதுபவர் எதை எழுதுவார்? தோட்டத்தில் தராசடியில் பால் நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, செய்தி போய்ச்சேர நாளாகும். கதிர் வரவில்லை என்று கர்ணம் எழுதி அது மேலே போய்ச் சேரும்போது, குடியானவன் மாட்டை விற்றிருப்பான். அடுத்து விதைநெல்லைத் தின்றிருப்பான்.

ஆனால் பழியெல்லாம் கணக்கின் மேல் போட்டுவிட முடியாது. 1876 முடிவதற்குள் சென்னையில் எல்லாருக்கும் நிலைமை தெரிந்துவிட்டது. கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. வாங்கப் பணம்தான் சனங்களிடம் இல்லை. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியின் கொள்கை. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை வைசிராய் லிட்டன் பிரபு தெற்கே அனுப்பினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் குறைத்துவிட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது உடம்புக்குப் போதாது என்று வாதாடினார். பல மாதங்களுக்குப் பிறகே கூலியை ஏற்றினார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான்.

இதே டெம்பிள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1874-இல், பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசியை இறக்கிச் சனங்களைக் காப்பாற்றியவர். வீண்செலவு செய்தார் என்று அப்போது மேலிடத்தில் அவரைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்துக்குப் பயந்தவர் சென்னைக்கு வந்து இப்படி நடந்துகொண்டார். இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

பஞ்சம் முடிந்தபின் ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். விவசாய இலாகா வேண்டும், மழையையும் பயிரையும் பற்றிய செய்தி முறையாக வரவேண்டும் என்று அது 1880-இல் எழுதியது. இந்திய வானிலை இலாகா அதற்கு முன்பே, 1875-இல், தொடங்கியிருந்தது. விளைச்சலை மதிப்பது மட்டும் நெடுங்காலம் கண்மதிப்பாகவே இருந்தது.

அதை மாற்ற முயன்றவர்களில் ஒருவர் ஜான் ஹப்பக் என்ற வெள்ளைக்கார அதிகாரி. 1920-களில் பீகார், ஒரிசா பகுதியில், ஒரு சிறு முக்கோணச் சட்டத்தைத் தற்செயலாகத் தேர்ந்த இடத்தில் வயலில் வைத்து, அதற்குள் நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து எடைபோட்டார். நல்ல வயலாகப் பார்த்துப் போகக் கூடாது, மோசமான வயலாகவும் பார்த்துப் போகக் கூடாது, குலுக்கல் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கேதான் வைக்க வேண்டும் என்பது அதன் சூட்சுமம். பிறகு வங்காளத்துப் பேராசிரியர் மகலனோபிஸ் சணல் பயிருக்கும், சுகாத்மே என்ற புள்ளியியலாளர் நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்த முறையை வளர்த்தார்கள். இன்றும் தமிழ்நாட்டில் நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, உள்ளே உள்ளதை அறுத்து, அடித்து, நிறுத்து எழுதுகிறார்கள். பயிர் அறுவடைச் சோதனை என்பது இதன் பெயர்.

கணக்கு நேர்மையானது. ஆனாலும் அறுவடை நாளில் கிடைக்கும் கணக்கு அது. பயிர் செத்தபிறகு எத்தனை மூட்டை போயிற்று என்று சொல்லும், செத்துக்கொண்டிருக்கும்போது சொல்லாது.

இனி இலையைப் பார்ப்போம்.

இந்த நாட்டில் மாசி, பங்குனி வாக்கில் ரப்பர் மரம் இலை கொட்டும். கொட்டுவதற்கு முன் இலை பழுத்துச் சிவக்கும். மரம் சீவுகிறவர்கள் அந்த நிறத்தைப் பார்த்தே இனிப் பால் குறையும் என்று சொல்லிவிடுவார்கள். இலையின் நிறம் மரத்தின் உடம்பைச் சொல்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத நிறமும் ஒன்று உண்டு.

எங்கள் வகுப்பில் இதை ஒரு தொலைக்காட்சி ரிமோட்டை வைத்துக் காட்டினோம். ரிமோட்டின் முனையைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் ஒன்றும் தெரியாது. அதையே கைத்தொலைபேசியின் கேமரா வழியாகப் பாருங்கள். பல தொலைபேசிகளில் முனையில் வெளிறிய ஒளி மினுக்குவது தெரியும். சிவப்புக்கு அப்பாலுள்ள அந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர். வெயிலிலும் அது நிறைய இருக்கிறது.

ஆரோக்கியமான இலை தன்மேல் விழும் சிவப்பு ஒளியைத் தின்றுவிடுகிறது; உணவு சமைக்கப் பச்சையத்துக்கு அது தேவை. அகச்சிவப்பு ஒளி இலைக்கு வேண்டாதது. இலையின் உள்ளே பஞ்சுபோல் அடுக்கியிருக்கும் திசுக்கள் அதைத் திருப்பி அடித்துவிடுகின்றன. இலை வாடினால் இரண்டும் மாறுகின்றன. சிவப்பைத் தின்பது குறைகிறது; அகச்சிவப்பைத் திருப்புவதும் குறைகிறது.

கரும்பலகையில் போட்ட கணக்கை இங்கேயும் சொல்கிறோம். நல்ல பயிர் நூறு பங்கு சிவப்பில் 5 பங்கையும், நூறு பங்கு அகச்சிவப்பில் 50 பங்கையும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வித்தியாசம் 45, கூட்டுத்தொகை 55. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 0.8. வாடிய பயிர் சிவப்பில் 20, அகச்சிவப்பில் 30 திருப்பினால் வித்தியாசம் 10, கூட்டுத்தொகை 50, ஆகவே 0.2. ஒன்றை நெருங்கினால் செழிப்பு. சுழியத்தை நெருங்கினால் வறட்சி. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள் 1970-களின் தொடக்கத்தில் இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். உலகமெங்கும் பயிரை வானத்திலிருந்து மதிப்பதற்கு இந்தச் சிறு வகுத்தல் கணக்குதான் இன்றும் முதற்படி. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்கு!

இந்தியாவில் இந்த வித்தையை முதலில் சோதித்துப் பார்த்தது ஒரு தோட்டப் பயிரில்தான். 1970-இல் கேரளத்துத் தென்னைகளுக்கு வேர்வாடல் நோய் பரவியிருந்தது. பேராசிரியர் பிஷாரடி, சர் சி. வி. இராமனிடம் பயின்றவர், வானிலை அறிஞர், அகச்சிவப்பை உணரும் படச்சுருளைக் கேமராவில் போட்டு ஹெலிகாப்டரிலிருந்து தென்னந்தோப்புகளைப் படம்பிடிக்கும் வேலைக்குத் தலைமை தாங்கினார். அந்தப் படத்தில் நல்ல மரத்தின் மட்டைகள் செக்கச்சிவப்பாகவும் நோய் கண்ட மரம் மங்கலாகவும் தெரிந்தன. கீழேயிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் பச்சைதான். உச்சியை மேலிருந்து பார்த்ததால் வித்தியாசம் பிடிபட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972 ஜூலை 23-இல், அமெரிக்கா லேண்ட்சாட் வரிசையின் முதல் துணைக்கோளை ஏவியது. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 18 நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் இடத்தையும் அது படம்பிடித்தது. அதே ஆண்டில் சோவியத் நாட்டில் கோதுமை பொய்த்தது. அது வெளியே தெரியுமுன் சோவியத் அரசாங்கம் அமெரிக்கச் சந்தையில் மலிவு விலைக்குத் தானியத்தை அள்ளிவிட்டது. பிறகு உலகமெங்கும் விலை ஏறியது. அடுத்தவன் வயலின் நிலைமை தெரியாமல் விற்றுவிட்டோமே என்று வருந்திய அமெரிக்கா, 1974-இல் உலகக் கோதுமையை வானத்திலிருந்து கணிக்கும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே பசியைப் போக்க வேண்டும் என்ற இரக்கத்தால் மட்டும் இந்த வித்தை வளரவில்லை. சந்தையில் ஏமாறக் கூடாது என்பதும் காரணம். கர்ணத்தின் கணக்கு வரிக்காக எழுதப்பட்டதுபோலத்தான் இதுவும்.

அமெரிக்கக் கோதுமை வயல் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர். நம் பக்கத்து வயல்கள் அப்படியா? அரை ஏக்கர் நெல், அடுத்து கால் ஏக்கர் வாழை, வரப்பில் தென்னை. முதல் லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டருக்கு 80 மீட்டர். அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் மேல். நம் ஆள் ஒருவருடைய முழு நிலமும் பக்கத்துக்காரருடைய நிலமும் அந்த ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும்.

இந்தியா 1974-இல் தொலையுணர்வு நிறுவனம் ஒன்றை நிறுவியது. ஐதராபாத்துக்கு அருகே ஷாத்நகரில் 1979-இல் லேண்ட்சாட் படங்களை நேரடியாகப் பெறும் நிலையத்தை அமைத்தது. 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்ற தன் சொந்தத் துணைக்கோளைச் சோவியத் ஏவுதளத்திலிருந்து அனுப்பியது. அதன் நுட்பமான கேமராவின் ஒரு புள்ளி ஏறத்தாழ 36 மீட்டர். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. 1989 முதல் பயிர்க்காலம் முழுவதும் வறட்சியைக் கவனிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு நாள்தோறும் கடந்துபோகும் அமெரிக்க வானிலைத் துணைக்கோளின் படங்களைப் பயன்படுத்தினார்கள். அவை மிகவும் மங்கல். ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஒரு மாவட்டம் காய்கிறதா இல்லையா என்று சொல்ல அதுவே போதும்.

எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு படத்தை வைத்துச் சொல்வதில்லை. தோட்டத்துக் கிராணி பங்குனி மாதப் பால் குறைந்துவிட்டது என்று பதறுவாரா? மாட்டார். போன பங்குனியையும் அதற்கு முந்திய பங்குனியையும் எடுத்துப் பார்ப்பார். இலை கொட்டும் மாதத்தில் பால் குறைவது வழக்கம் என்று அவருக்குத் தெரியும். வழக்கத்துக்கும் கீழே போனால்தான் கவலைப்படுவார். துணைக்கோள் கணக்கும் அதுவே. ஆகஸ்டு இரண்டாம் பாதியின் பசுமையைப் பழைய ஆண்டுகளின் ஆகஸ்டு இரண்டாம் பாதியோடு ஒப்பிடுகிறார்கள். விதைக்க வேண்டிய வாரத்தில் வயல் வெறும் மண்ணாகவே கிடந்தால் அதுவும் தெரிந்துவிடும். அறுவடைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு மாவட்டத்தின் நிலைமை கைக்கு வருகிறது. கர்ணத்தின் காலத்தில் கனவிலும் நினைக்க முடியாத காரியம் இது.

ஆனால் வெப்பமண்டல நாட்டில் இந்தக் கேமராவுக்கு ஒரு பெரிய பகை உண்டு. மேகம்! நெல் வளர்வது மழைக்காலத்தில். மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும். பயிரைப் பார்க்க வேண்டிய நாளில் துணைக்கோள் பார்ப்பதெல்லாம் வெள்ளைப் பஞ்சுதான். இந்த நாட்டு மழையில் வாழும் நமக்கு அது நன்றாகவே புரியும்.

அதற்கு வழி ரேடார். ரேடார் துணைக்கோள் வெயிலுக்குக் காத்திருப்பதில்லை. தானே வானொலி அலையைப் போன்ற அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. அந்த அலை மேகத்தைத் துளைத்துக்கொண்டு போகும். இரவானாலும் வேலை செய்யும். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சற்றுத் தூரத்தில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் மேல் விளக்கைச் சாய்வாக அடித்தால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் அப்பால் போய்விடும். பக்கத்திலுள்ள புல்லோ பளிச்சென்று தெரியும். ரேடாருக்கும் அப்படித்தான். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பு. நாற்று வேர்பிடித்துத் தூர்கட்ட வயல் வாரத்துக்கு வாரம் வெளுத்துவரும். கறுத்து, பிறகு வெளுத்த இடம் நெல் வயல் என்று கண்டுகொள்ளலாம். கறுக்கவே இல்லையென்றால் அங்கே நடவே நடக்கவில்லை.

இந்தியா 2012 ஏப்ரலில் ரைசாட் 1 என்ற ரேடார் துணைக்கோளை ஏவியது. அதே மாதம் டெல்லியில் தேசியப் பயிர்க் கணிப்பு நிலையம் ஒன்றையும் திறந்து, நாம் முன்பு சொன்ன மகலனோபிஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2014-இல் ஐரோப்பிய நாடுகள் சென்டினல் 1ஏ என்ற ரேடார் துணைக்கோளை ஏவி, அதன் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டன. அந்தப் படங்களைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் எடுத்துத் தமிழ்நாட்டு நெல் வயல்களை வரைபடமாக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் 2016 வந்தது.

அந்த ஆண்டு ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையில் தண்ணீர் இல்லை; செப்டம்பர் 20-இல்தான் திறந்தார்கள். அதை நம்பியும் வடகிழக்குப் பருவமழையை நம்பியும் சம்பாவுக்கு இறங்கினார்கள். சராசரியாக அந்த மூன்று மாதத்தில் தமிழ்நாட்டுக்கு 440 மில்லிமீட்டர் மழை உண்டு. பெய்தது சுமார் 168. அதாவது 62 விழுக்காடு குறைவு. பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவமழை 1876-க்குப் பிறகு வந்ததில்லை என்றார்கள். தாது வருஷத்து மழையே திரும்பி வந்ததுபோல் ஆயிற்று.

இந்தமுறை நடந்தது வேறு. 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த பகுதியாகத் தமிழ்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. முந்திய ஆண்டுதான் புதிய பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. எந்தக் கிராமத்தில் நடவே நடக்கவில்லை, எங்கே நட்ட பயிர் காய்ந்தது என்பதைக் காட்டத் துணைக்கோள் வரைபடங்கள் சான்றாகப் பயன்பட்டன. ஒவ்வொரு வரப்பிலும் அதிகாரி வந்து நிற்கும்வரை காத்திருந்தால் மாதங்கள் ஓடியிருக்கும். அதே சமயம், கயிறு பிடித்து அறுத்து நிறுக்கும் பழைய சோதனையை யாரும் கைவிடவில்லை. வானத்துக் கணக்கைச் சரிபார்க்கத் தரைக் கணக்கு வேண்டும்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. காவிரிப் பாசனப் பகுதியில் விவசாயிகள் மாண்ட செய்திகள் வந்தன. அதற்குக் காரணம் வறட்சியா இல்லையா என்று அரசாங்கத்துக்கும் விவசாயச் சங்கங்களுக்கும் வாதம் நடந்தது. அந்தக் கோடையில் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டையோடுகளை ஏந்திக்கொண்டு டெல்லியில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். வயல் காய்ந்தது படத்தில் பதிவாகியிருந்தது. கடன் எவ்வளவு என்பது எந்தப் படத்திலும் விழவில்லை. குத்தகைக்கு உழுதவன், நிலமில்லாத நடவுக்கூலி, இவர்கள் துணைக்கோளின் கண்ணில் படுவதேயில்லை. நம் முன்னோர்களில் பெரும்பாலோர் அப்படி நிலமில்லாதவர்கள்தான்.

இந்தப் பாடத்தை வகுப்பில் சொல்லி முடித்ததும் ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்: "சார், தாது வருஷத்தில் துணைக்கோள் இருந்திருந்தால் நாம் இங்கே வந்திருக்க மாட்டோமா?"

பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. கொஞ்சம் முன்கூட்டித் தெரிந்திருக்கும் என்றோம். விதைநெல்லைத் தின்பதற்கு முன், மாட்டை விற்பதற்கு முன் தெரிந்திருக்கும். ஆனால் பீகாரில் அரிசி இறக்கிய டெம்பிளையும் சென்னையில் ஒரு பவுண்டாகக் குறைத்த டெம்பிளையும் நினைத்துப் பார்க்கச் சொன்னோம். இரண்டு இடத்திலும் அவருக்கு நிலைமை தெரியும். 2017-இல் தமிழ்நாட்டுச் சனங்கள் கப்பல் ஏறாததற்குத் துணைக்கோளை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் ரேஷன் கடை இருந்தது. 2011 முதல் அதில் அரிசி இலவசம். வேறு மாநிலத்தில் விளைந்த நெல் இரயிலில் வந்தது. தாது வருஷத்திலும் இரயில் இருந்தது. அதில் தானியமும் போயிற்று. ஆனால் விலை கொடுக்கக்கூடிய இடத்தைத் தேடிப் போயிற்று.

அந்தப் பிள்ளை உட்கார்ந்துகொண்டு தன் தாளை எடுத்தாள். "பஞ்சம் பிழைக்க வந்தோம்" என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் "எந்த வருஷம்? தாத்தாவிடம் கேட்க வேண்டும்" என்று பென்சிலால் குறித்துக்கொண்டாள். உங்கள் வீட்டிலும் பழைய அடையாளச் சீட்டோ, கப்பல் சீட்டோ, ஊர்ப் பெயர் எழுதிய கடிதமோ இருந்தால் ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். ஊர்ப் பெயரும் வருஷமும் கிடைத்தால், அந்த ஊரில் அப்போது மழை பெய்ததா என்று மழைக்கணக்கில் தேடிப் பார்க்கலாம்.